வயிறு நிறைந்த பிறகு என்ன செய்யும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கூண்டு விலங்குகளின் பல் நோய் பற்றி எழுதும்போது, "வேலை இல்லாத விலங்கு கம்பியைக் கடிக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிடலாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் கால்நடை மருத்துவர். பணியில் இருந்த 31 ஆண்டுகளில் முதல் 9 ஆண்டுகள் ஓர் உயிரியல் பூங்காவில் கழிந்தன. மீதி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில்.

கோடை விடுமுறையில் பேரனைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஒரு சிறுத்தை கம்பியை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. "அது எங்கே போகணும் பாட்டி?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

உங்கள் பேரன் கேட்டதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள், அம்மா. ஆக்ஸ்போர்டில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு பெண்கள், பூங்காக்களில் இருக்கும் ஊனுண்ணி விலங்குகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த தகவல்களையெல்லாம் ஒன்றுதிரட்டி 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டில் எந்த விலங்கு அதிக தூரம் சுற்றுகிறதோ, அதுதான் கூண்டில் அதிகம் நடைபோடுகிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் இறக்கின்றன என்று தெரிந்தது. பனிக்கரடிக்குப் பூங்காவில் கிடைக்கிற இடம், காட்டில் அது சுற்றும் மிகக் குறைந்த பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால் பேரனிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்: அதற்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை, போவதே அதற்கு வேலையாக இருந்தது, அந்த வேலை இப்போது இல்லை.

ஒரே அசைவைத் தேவையின்றித் திரும்பத் திரும்பச் செய்வதை எங்கள் துறையில் ஸ்டீரியோடைப்பி என்போம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1994 வாக்கில் அது குளத்தில் 8 போட்டதுபோல் ஒரே தடத்தில் மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருந்ததைப் பார்த்து ஊரே பேசியது. விலங்கு நடத்தை வல்லுநர் ஒருவரை வரவழைத்தார்கள். மீனைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுத்தார்கள், தேடி எடுக்கும்படி உணவை ஒளித்துவைத்தார்கள், விளையாட்டுப் பொருள்கள் போட்டார்கள். 8 போடுவது குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. 2013இல் கஸ் இறந்துபோனது.

அடியோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குட்டிப் பருவத்தில் குறுகிய கூண்டில் படிந்த பழக்கம், பிறகு பெரிய அடைப்புக்கு மாற்றினாலும் தழும்புபோல் நின்றுவிடும். சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் சிங்கம் எங்களிடம் வந்தது. அரை ஏக்கர் புல்வெளியில் விட்டோம். அது ஒரு மூலைக்குப் போய், பழைய வண்டிக் கூண்டின் அளவுக்கே, நான்கு எட்டு முன்னால் நான்கு எட்டு பின்னால் என்று நடந்தது. புல்லில் அந்த அளவுக்குத் தேய்ந்த தடம் ஒன்று விழுந்துவிட்டது. எனக்கு இன்னும் அந்தத் தடம்தான் நினைவிருக்கிறது, சிங்கத்தின் முகம்கூட மறந்துவிட்டது. ஆகவே நடைபோடுகிற சிறுத்தையைப் பார்த்ததும் இன்றைய கீப்பர்மேல் கோபப்பட வேண்டாம். தீனி நேரத்துக்கு அரைமணி முன்னால் எல்லாப் பெரும்பூனைகளும் சற்று நடக்கத்தான் செய்யும். காலை, மதியம், மாலை என்று எப்போது போனாலும் அதே தடத்தில் நடக்கிறது என்றால்தான் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கட்டும்.

கோயில் யானை உடம்பை ஆட்டிக்கொண்டே நிற்கிறதே, நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பெரியவர் அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நாதஸ்வரம் நின்ற பிறகும் ஆடுகிறதா என்று ஒருநாள் பாருங்கள். மதியம் நடை சாத்திய நேரத்தில், கொட்டகையில் ஆள் அரவம் இல்லாதபோது போய்ப் பாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும்.

காட்டு யானை நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, காலில் அடித்து மண்ணை உதறி, வாயில் வைத்து, அடுத்த பிடிக்கு இரண்டு அடி நகரும். நாள் முழுக்க தும்பிக்கைக்கு வேலை, காலுக்கு நடை, கூடவே அத்தை, சித்தி, பிள்ளைகள். கோயிலில் கவளத்தைப் பாகன் உருட்டி வாயிலேயே வைத்துவிடுகிறார். பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மீதி நேரத்துக்குச் சங்கிலியின் நீளம்தான் அதன் உலகம்.

2003இல் முதுமலையில் கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் தொடங்கியபோது, முகாமைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் வரவேற்றேன், இன்றும் அதே கருத்துதான். வருடம் முழுக்கத் தனியாக நிற்கும் யானை இன்னொரு யானையின் வாயில் தும்பிக்கையை வைத்து விசாரிப்பதை அங்கே பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆண்டில் சில வாரங்கள் போதாது. உங்கள் ஊர்க் கோயிலில் சொல்லிப் பாருங்கள்: ஒரு லாரி மணலும் ஒரு லாரி செம்மண்ணும் கொட்டகைக்குப் பக்கத்தில் கொட்டிவைக்கச் சொல்லுங்கள், யானை தானே வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். தென்னை மட்டையை நறுக்காமல் முழுசாகக் கொடுக்கட்டும், அதைக் கிழிக்கவே அரைமணி ஆகும். பசுந்தீவனத்தை ஒரே குவியலாகப் போடாமல் நான்கைந்து இடத்தில் உயரத்தில் கட்டித் தொங்கவிடட்டும். விடியற்காலையில் கல், தார் இல்லாத மண்பாதையில் ஒரு மணி நேர நடை. இதைச் சொல்லும்போது பாகனையும், காவடி எனப்படும் அவருடைய உதவியாளரையும் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். யானைக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. யாரும் அவர்களைக் கேட்பதில்லை, அதுதான் குறை.

நான் கோவையில் உயிரி மருத்துவத் துறையில் ஆய்வு மாணவி. எங்கள் அனிமல் ஹவுஸில் சுண்டெலிக் கூண்டில் உமியைத் தவிர எதுவும் கிடையாது. "ஏதாவது வைக்கலாமா?" என்று கேட்டேன். "டேட்டா கெட்டுவிடும், எல்லாக் கூண்டும் ஒன்றுபோல் காலியாக இருப்பதுதான் அறிவியல்" என்றார் மூத்தவர் ஒருவர். நான் என்ன பதில் சொல்வது?
– வாசகி, கோவை

உன் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன், மகளே. 22 ஆண்டுகள் நான் கேட்ட அதே வாக்கியம். இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் காலிக் கூண்டு என்பது நடுநிலையான கூண்டா என்று பார்ப்போம். கனடாவில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் சில எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லமாக வளர்த்தார். அவை ஆய்வுக்கூட எலிகளைவிடப் புதிர்களை நன்றாக விடுவித்தன. அதை 1947இல் வெளியிட்டார். 1960களில் பெர்க்கிலியில் மார்க் ரோசன்ஸ்வெய்க், மரியன் டயமண்ட் உள்ளிட்ட குழு இன்னும் ஒருபடி மேலே போனது. சில எலிகளைக் கூட்டமாகப் பெரிய கூண்டில், மாற்றி மாற்றி வைத்த பொருள்களோடு வளர்த்தார்கள். சிலவற்றைத் தனித்தனியே வெறுங்கூண்டில் வளர்த்தார்கள். பிறகு மூளையை எடுத்துப் பார்த்தால், பொருள்களோடு வளர்ந்தவற்றின் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, தடித்திருந்தது. அதுவரை வளர்ந்த மூளை மாறாது என்று நம்பிக்கொண்டிருந்த துறைக்கு அது பெரிய அதிர்ச்சி. 2000ஆம் ஆண்டில் ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்கான மரபணு புகுத்தப்பட்ட சுண்டெலிகளுக்கு அட்டைப் பெட்டி, குழாய், காகிதம் என்று கூண்டில் வைத்து வளர்த்தபோது, நோயின் அறிகுறிகள் தாமதமாகத் தோன்றின. மரபணு அதேதான், கூண்டு மட்டும் வேறு. உங்கள் மூத்தவரிடம் நீ கேட்க வேண்டியது இதுதான்: வெறுங்கூண்டில் வளர்ந்த மூளையையா நாம் "இயல்பான மூளை" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்?

அவர் பயப்படுவது எண்களின் சிதறலுக்கு. அதையும் சோதித்துவிட்டார்கள். மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே சோதனைகளைச் செய்து, கூண்டில் பொருள்கள் வைத்ததால் முடிவுகள் அதிகம் சிதறவில்லை, ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் பொருத்தமும் கெடவில்லை என்று 2004இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அச்செடுத்து அவர் மேசையில் வை.

அப்புறம் குளிர். நம் அனிமல் ஹவுஸ்களில் ஏ.சி. 20க்கும் 24க்கும் இடையில் ஓடும். அது கோட் போட்டு நிற்கும் நமக்கு வசதி. சுண்டெலிக்கு இதமான வெப்பம் சுமார் 30 டிகிரி. அதாவது நாம் வைத்திருக்கும் அறையில் அது நாள் முழுக்கக் குளிரில் இருக்கிறது, சாப்பிடுவதில் ஒரு பகுதியை உடம்பைச் சூடாக்கவே செலவிடுகிறது. அறையை 30க்கு ஏற்ற முடியாது, பணியாளர்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆண் எலிகளின் சண்டையும் கூடும். வழி எலியிடமே இருக்கிறது. கூடு கட்டப் பொருள் கொடுத்தால் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். ஒரு கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை கூட்டுப்பொருள் வேண்டும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

எங்களிடம் அதற்கென்று தனி நிதி இல்லை. ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி எடுத்த டிஷ்யூ காகிதம், மை படாத வெள்ளைக் காகிதக் கீற்று இரண்டையும் வைத்துத் தொடங்கினோம். முதல் நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு கூண்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். விளக்கு அணைய இன்னும் நேரம் இருந்தது. ஒரு பெண் சுண்டெலி காகிதத்தை முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பிறகு ஓரத்தைப் பல்லால் கவ்வி, இரண்டு முன்கால்களாலும் பிடித்து, நீளவாக்கில் ஒரு கீற்று கிழித்தது. அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் புட்டிக்கு எதிர் மூலைக்கு ஓடியது. திரும்பி வந்து இன்னொரு கீற்று. கூண்டில் இருந்த மற்ற மூன்றும் சிறிது நேரத்தில் சேர்ந்துகொண்டன. காலையில் போனால் கிண்ணம்போல் சுற்றுச்சுவர், மேலே கூரையும் போட்டிருந்தது. உள்ளே நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த இனம் அது. எந்தத் தாயும் அதற்குக் கூடு கட்டிக் காட்டியதில்லை. முதல் கீற்றைக் கையில் கொடுத்ததும் வேலை தெரிந்திருந்தது. அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். அதற்கு முன் எத்தனை ஆயிரம் எலிகளை வெறும் உமியில் படுக்கவைத்தோம் என்ற கணக்கு மனதில் ஓடியது.

ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைச் செய்யாதே. கூண்டு மாற்றும் நாளில் கூட்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டு, எல்லாம் புதிதாக வைத்தோம். ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்து முதுகைப் புண்ணாக்கிக்கொண்டன. கூட்டில் இருக்கும் வாசனைதான் அவற்றை அமைதியாக வைத்திருந்தது. சிறுநீர் ஊறிய உமியைத் தூக்கிப் போடு, காய்ந்த பழைய கூட்டில் ஒரு கைப்பிடியைப் புதிய கூண்டுக்கு மாற்று. அதேபோல், நான்கு ஆண்கள் இருக்கும் கூண்டில் ஒரே ஒரு சிறிய வீடு வைத்தால் அதற்கு ஒருவன் சொந்தம் கொண்டாடுவான். ஒன்றும் வைக்காதே, இல்லையென்றால் போதுமான அளவு வை.

கடைசியாக, காசே செலவில்லாத ஒன்று. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கத்தான் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள், எனக்கும்தான். லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட், ரெபேக்கா வெஸ்ட் இருவரும் 2010இல் காட்டினார்கள்: கூண்டிலேயே கிடக்கும் ஒரு குழாய்க்குள் நுழையவைத்துத் தூக்கினாலோ, குவித்த உள்ளங்கையில் ஏந்தினாலோ எலிக்குப் பயம் வெகுவாகக் குறைகிறது. வாலைப் பிடித்துப் பழக்கிய எலி கையைக் கண்டால் ஒதுங்கும். குழாயில் பழக்கிய எலி தானே வந்து முகரும். பயந்த எலியிடம் எடுத்த அளவுகளைவிடப் பயப்படாத எலியிடம் எடுத்தவை நம்பகமானவை என்று உங்கள் மூத்தவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆய்வு நடுவில் இருக்கும் கூண்டில் எதையும் மாற்றாதே. அடுத்த ஆய்வுக்கான திட்டத்திலேயே கூட்டுப்பொருளையும் குழாயையும் எழுதி, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கொடு. எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு, ஒரே பொருள். அப்படிச் செய்தால் மறுக்கக் காரணம் இருக்காது.

விலங்குச் சோதனையையே நிறுத்தச் சொல்லாமல் கூண்டில் காகிதம் வைக்கச் சொல்வது நியாயமா?
– வாசகர், திருச்சி

நியாயமான கேள்வி. 1959இல் ரஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று கடமைகளை வரிசைப்படுத்தினார்கள்: விலங்கு இல்லாமல் செய்ய முடிந்தால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதன் பிறகும் மிஞ்சுகிற விலங்கின் துன்பத்தைக் குறை. காகிதம் மூன்றாவதில் வருகிறது, முதல் இரண்டுக்கும் அது ஈடாகாது. நம் நாட்டிலும் முதல் கடமை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. 2014இல் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிக்கத் தடை வந்தது. இன்னும் நிறைய நிற்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் இன்றைக்கு ராத்திரி கூண்டில் இருக்கிற எலி இன்றைக்கு ராத்திரிதான் குளிரில் இருக்கிறது. அதற்கு நான் சட்டம் வரும் வரை பொறு என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஒரே ஒரு லவ் பேர்ட் இருக்கிறது. ஜோடி செத்துவிட்டது. கண்ணாடி மாட்டினோம், அதையே பார்த்துக் கொத்திக்கொண்டிருக்கிறது. நெஞ்சு இறகையும் பிடுங்குகிறது.
– வாசகி, ஈரோடு

நம் ஊரில் லவ் பேர்ட் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. கூட்டமாகப் பறக்கும் பறவை. கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பதில் சொல்லாத நண்பனைப் பார்த்துப் பார்த்து அது ஏங்குகிறது. முதலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பேன், தோல் நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு துணை ஒன்று வாங்குங்கள், ஒரு வாரம் பக்கத்துக் கூண்டில் வைத்துப் பழக்கிவிட்டு ஒன்றுசேருங்கள். கடையில் தரும் வழுவழுப்பான ஒரே கனக் குச்சிகளை எடுத்துவிட்டு, கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ, கனம் கூடியும் குறைந்தும் இருப்பதாகப் பட்டையோடு மாட்டுங்கள். பட்டையை உரிப்பதில் அலகு இறகை மறக்கும். தினையைக் கிண்ணத்தில் கொட்டாமல் கதிரோடு தொங்கவிடுங்கள்.

பச்சைக்கிளி வைத்திருக்கும் வாசகர்கள் இருவரும் எழுதியிருக்கிறார்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாத பறவை. அதன் கூண்டை எப்படி அழகாக்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே திறந்துவிட வேண்டாம், பறக்கத் தெரியாமல் பூனை வாயில் போகும்.

தட்டிலேயே சாப்பாடு கிடைக்கும்போது எந்த விலங்காவது உழைத்துச் சாப்பிட விரும்புமா? மனிதக் கற்பனை என்று தோன்றுகிறது.
– வாசகர், மதுரை

1963இல் க்ளென் ஜென்சன் என்பவர் இதையே சோதித்தார். கிண்ணத்தில் தீனி இருக்கும்போதே, பக்கத்தில் அழுத்தினால் தீனி விழும் பட்டையும் இருந்தது. எலிகள் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பட்டையை அழுத்தித் தின்றன. புறா, கோழி, குரங்கு என்று பல விலங்குகளில் இது உறுதியாகிவிட்டது. வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் தட்டையே தேர்ந்தெடுக்கிறது என்று 2021இல் கலிபோர்னியாவில் கண்டார்கள். உங்கள் சந்தேகத்துக்குப் பூனை மட்டும் சாட்சி சொல்லும்.

ஒரு சிறிய பூங்காவில் தற்காலிகக் கீப்பர். பெயர், ஊர் போட வேண்டாம். கரடி, சிறுத்தை, குரங்கு பார்த்துக்கொள்கிறேன். கூண்டு விலங்குக்கு வேலை கொடுக்கும் 'என்ரிச்மென்ட்' பற்றி ஒரு நாள் பயிற்சியில் படம் காட்டினார்கள். எல்லாம் வெளிநாட்டுச் சாமான். எங்களுக்குத் துடைப்பம் வாங்கவே இரண்டு மாதம் ஆகிறது. என்னால் என்ன முடியும்?

தம்பி, உங்களால்தான் முடியும். அமெரிக்காவின் போர்ட்லாந்து பூங்காவில் 1970களில் ஹால் மார்க்கோவிட்ஸ் கிப்பன் குரங்குகளுக்குச் செய்த ஏற்பாட்டின் சாரமே எளிமையானது: விளக்கு எரிந்ததும் ஒரு நெம்புகோலை இழுத்து, கூண்டின் மறுமுனைக்குத் தாவிப் போய் இன்னொன்றை இழுத்தால் உணவு. தாவுவதற்கு ஒரு காரணம் கொடுத்தார். அவ்வளவுதான். காரணம் கொடுக்க வெளிநாட்டுச் சாமான் வேண்டியதில்லை.

கரடியிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போல் குவித்து, அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சும். இப்படி ஒரு வாய் படைத்த விலங்குக்கு நாம் தட்டில் கஞ்சி ஊற்றுகிறோம். விழுந்த மரத்தில் ஓர் ஆள் உயரத் துண்டு கேட்டு வாங்குங்கள். தச்சரிடம் கொடுத்து விரல் கனத்தில் இருபது முப்பது துளை, ஒரு சாண் ஆழத்துக்குப் போடச் சொல்லுங்கள். துளைக்குள் தேன் தடவி, ஊறவைத்த நிலக்கடலையையும் பேரீச்சையையும் திணித்து, அது வெளியே இல்லாத நேரத்தில் அடைப்பில் வையுங்கள். இது அன்றைய தீனியிலிருந்து கழித்துக் கொடுப்பதாக இருக்கட்டும், கூடுதலாக வேண்டாம். நான் முதன்முதல் வைத்த அன்று அந்தக் கரடி மரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மல்லாந்துவிட்டது. உறிஞ்சுகிற சத்தம், பழைய பம்புசெட்டு காற்று வாங்குவதுபோல, சமையற்கூடம் வரை கேட்டது. தெருவில் வித்தை காட்டிய கரடி அது, மூக்கில் கயிறு போட்ட ஓட்டை ஆறாமல் இருந்தது. வந்த நாளிலிருந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் ஆட்டவில்லை. மரம் காலியானதும் மறுபடி ஆரம்பித்தது. மறுநாள் துளைகளை வேறு மரத்தில் போட்டோம்.

குரங்குகளுக்கு மூங்கிலில் கணு விட்டு நறுக்கி, பக்கவாட்டில் விரல் நுழையும் ஓட்டை போட்டு, உள்ளே பொரியும் கடலையும் போட்டுத் தொங்கவிடுங்கள். எத்தனை குரங்கோ அதைவிட இரண்டு மூங்கில் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் பெரியவன் எல்லாவற்றையும் பறித்துக்கொள்வான். தரையில் காய்ந்த இலைச் சருகைக் கொட்டி அதில் தானியத்தைத் தூவினாலே காலை முழுக்கப் பொறுக்கும். பெருக்கும் வேலை கூடும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிறுத்தைக்கு மூக்கும் உயரமும். படுக்கும் பலகை தரையில் இருந்தால், மருத்துவரிடம் கேட்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். மேலிருந்து பார்க்க முடிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். பட்டை, கிராம்பு, வெட்டிவேர் என்று வாரம் ஒன்றை மரத்தில் தேய்த்துவிடுங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் சிவிங்கிப்புலிகளுக்கு வாசனைத் திரவியங்களை வைத்துப் பார்த்தே எது பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இங்கே என் கையால் நடந்த ஒரு தவறு. ஒரு சிறுத்தைக்குச் சணல் சாக்கில் வைக்கோல் அடைத்து, உள்ளே எலும்பு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஆசையாகக் கிழித்தது. அடுத்த மூன்று நாள் தீனியைத் தொடவில்லை. நான்காம் நாள் சாணத்தோடு முறுக்கிய சணல் நூல் வந்தது, ஒரு முழத்துக்கு மேல். குடலில் சிக்கியிருந்தால் செத்திருக்கும். அந்த மூன்று இரவும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பெரும்பூனைக்கு நூல், கயிறு, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். புதிதாக எதை வைத்தாலும் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மருத்துவரிடம் சொல்லாமல் வைக்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, என்ன வைத்தீர்கள், எத்தனை நிமிடம் தொட்டது, அன்று எத்தனை முறை நடைபோட்டது. ஒரே பொருளை மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள், எடுத்துவைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்தால் புதுசுபோல் வரும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை இயக்குநரிடம் காட்டுங்கள். துடைப்பத்துக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும் அலுவலகங்களும் எண்களைக் கண்டால் அசைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் 8ஆம் வகுப்பு. இரண்டு முயல் வளர்க்கிறேன். அதுக்கு எது பிடிக்கும் என்று பேசச் சொல்லாமலே தெரிந்துகொள்ள முடியுமா?
– மாணவி, சிவகங்கை

முடியும், கண்ணு. ஐரோப்பாவில் மிங்க் என்ற, கீரியைப் போன்ற ஒரு விலங்கை ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்ப்பார்கள். மேலே சொன்னேனே ஜார்ஜியா மேசன், அவரும் கூட்டாளிகளும் 2001இல் அவற்றிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பல அறைகள். ஒன்றில் நீந்தக் குளம், ஒன்றில் உயரமான மேடை, ஒன்றில் பொம்மை, ஒன்றில் குகைபோலக் குழாய். ஒவ்வொரு அறைக்கும் தள்ளித் திறக்கும் கதவு. கதவில் நாளுக்கு நாள் எடையைக் கூட்டினார்கள். மற்ற அறைகளை விட்டுவிட்டாலும், குளத்துக்கான கதவை மட்டும் மிங்க் விடாமல் தள்ளியது. குளத்தை மூடிய நாளில், பட்டினி போட்டால் எவ்வளவு தவிக்குமோ அவ்வளவு தவித்தது என்று அதன் சிறுநீரைச் சோதித்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த மிங்க்குகள் பிறந்து வளர்ந்த கூண்டில் நீந்தும் அளவுக்குத் தண்ணீரே கிடையாது.

உன் முயலுக்கு எடை எல்லாம் வேண்டாம். இரண்டு அட்டைப் பெட்டி எடுத்துக்கொள். முயல் ஒளிந்துகொள்ளும் பிராணி, ஒரு வாசலில் பூனை வந்தால் இன்னொன்றால் ஓட வேண்டும், அதனால் இரண்டு பெட்டிக்கும் இரண்டிரண்டு வாசல் வெட்டு. ஒன்றில் காய்ந்த புல் அடை. இன்னொன்றில் தோண்டுவதற்கு அரைப்பெட்டி மண் போடு. கூண்டின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இருட்டும் வரை அரைமணிக்கு ஒருமுறை எந்தப் பெட்டியில் எந்த முயல் என்று எழுது. ஐந்து நாள் எழுது. பிறகு இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி வைத்து இன்னும் ஐந்து நாள். இடம் மாற்றாவிட்டால், அதற்குப் பெட்டி பிடித்ததா, அந்த மூலையின் நிழல் பிடித்ததா என்று தெரியாமல் போகும். இரண்டு முயலும் வேறு வேறாகச் சொல்லலாம், அப்போது இரண்டையும் வைத்துக்கொள். எழுதிய தாளை எனக்கு அனுப்பு, முயல்களின் பெயரையும் எழுது.